மனச்சோர்வு ரத்தத்தில் தெரியுமா? ‘மூட் பேக்கேஜ்’ எடுப்பதற்கு முன்

தேவகோட்டைப் பையன்
மே 3, இரவு 9.40

அண்ணே, காரைக்குடியில ஒரு கலெக்‌ஷன் சென்டர்ல ‘மூட் பேக்கேஜ்’னு ஒண்ணு போட்டிருக்காங்க. செரடோனின், கார்டிசால், பிடிஎன்எஃப், சிஆர்பி, வைட்டமின் டி, பி12, தைராய்டு எல்லாம் ஒரே ஊசியில. அப்பச்சிக்கு வயசு 67. சுகருக்கு மெட்ஃபார்மின் பத்து வருஷமா ஓடுது, பிரஷர் மாத்திரையும் உண்டு. பொங்கலுக்கு அப்புறம் எதுலயும் பிடிப்பில்ல. விடிகாலை மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துக்கிறாக. சாப்பாடு பாதி ஆயிருச்சு. மனநல டாக்டர்னு சொன்னாலே கோவம். “ரத்தத்துல இருந்தா பாப்போம்”ங்கிறாக. இந்த பேக்கேஜ்ல டிப்ரஷன் உறுதியாத் தெரிஞ்சிருமா?

காரைக்குடி லேப்
மே 3, இரவு 10.55

தெரியாது தம்பி. மேஜர் டிப்ரஷன் இருக்கிறதா இல்லையா என்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கு எந்த ஊரிலும் நடைமுறையில் இல்லை. உட்கார வைத்துப் பேசித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரமாக, தினமும் பெரும்பாலான நேரம் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, மனம் வாடிக் கிடப்பதாகவோ எதிலும் நாட்டம் விட்டுப்போனதாகவோ இருந்தாக வேண்டும். அந்த ஒன்பதில் ரத்த மதிப்பு ஒன்றுகூடக் கிடையாது.

அதற்காக ரத்தமே எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பச்சிக்குக் கண்டிப்பாக எடுக்க வேண்டும், வேறு காரணத்துக்கு. இந்த வயதில் புதிதாக இப்படி வந்தால், மனச்சோர்வு போலவே வேடம் போடும் உடல் கோளாறுகளை முதலில் தேட வேண்டும். முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கான டிஎஸ்எச், பி12, வெறும்வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சியும், சோடியம் பொட்டாசியம், கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, அல்புமினோடு சேர்த்துக் கால்சியம், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர். இவ்வளவும் சாதாரண டெஸ்டுகள். கால்சியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். பாராதைராய்டு கோளாறில் கால்சியம் ஏறினால் சோர்வு, மலச்சிக்கல், மந்தம் என்று அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும்.

உடம்பு இளைத்திருந்தால் எடையை இன்றே பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் கணிசமாக இறங்கியிருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். காசநோய், புற்றுநோய் இரண்டையும் அவர் யோசிப்பார்.

காரைக்குடி லேப்
மே 4, காலை 6.20

அந்த பேக்கேஜில் முதல் பெயர் செரடோனின், மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் வேதிப்பொருள். கவுண்டரில் பலரும் கேட்கும் டெஸ்ட் என்பதால் கொஞ்சம் விரிவாக.

உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாகிறது. ரத்தத்துக்கு வருவதைத் தட்டணுக்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் போகாது, நடுவே தடுப்பு இருக்கிறது. ஆக ரத்தச் செரடோனின் காட்டுவது குடலையும் தட்டணுவையும்தான். கார்சினாய்டு என்ற கட்டியைச் சந்தேகிக்கும்போது அந்த டெஸ்டுக்கு வேலை உண்டு.

இன்னொன்று: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தட்டணுக்குள் செரடோனின் போகும் வாசலையும் அடைத்துவிடும். நன்றாகக் குணமாகி வரும் ஆளுக்கு ரத்தச் செரடோனின் தரைமட்டமாக இருக்கும். அந்தத் தாளைப் பார்த்து ‘குறைந்துவிட்டது, டோஸ் ஏற்றணும்’ என்று வீட்டார் பயந்தால் அது வீண் பயம்.

பள்ளத்தூர் ஆச்சி
மே 4, காலை 11.05

தம்பி, கோழியும் கறியும் சமைக்கிற ஊர்ல பி12 எப்படிக் குறையும்? சைவக்காரங்களுக்குத்தானே அது?

காரைக்குடி லேப்
மே 4, மதியம் 2.30

ஆச்சி, சாப்பிட்டால் மட்டும் போதாது, ஏற வேண்டும். பி12 உணவுப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வயிற்று அமிலம் அதைப் பிரித்துவிட வேண்டும், பிறகு வயிற்றுச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். வயதானால் அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வருடக்கணக்கில் போட்டால் இன்னும் குறைகிறது. மெட்ஃபார்மின் கடைசிப் பகுதியில் உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. எத்தனை வருடம், எத்தனை மி.கி. என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். பத்து வருட மெட்ஃபார்மின் என்றால் பி12 பார்க்காமல் இருக்கவே கூடாது.

அது போக, நம் பக்கம் பெரிய வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர், இல்லை ஒருவர், தனியாக இருப்பது சகஜம். பிள்ளைகள் வந்தால்தான் கறிச் சமையல். மற்ற நாள் ரெண்டு இட்லி, மோர்சாதம். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம் பி12, நூறு மி.லி. பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. தினத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம். கணக்கு போட்டுப் பாருங்கள்.

டெஸ்டைப் படிக்கும் விதம்: ஒரு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக மண்டலம், அங்கே பி12 குறைந்தால் ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்த்தால் தெளிவாகும். முழு ரத்த எண்ணிக்கையில், சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்சிவி 100க்கு மேல் போயிருந்தால் துப்பு கிடைத்த மாதிரி. ஆனால் இரும்புச் சத்தும் குறைந்திருந்தால் ஒன்று பெரிதாக்க, மற்றது சிறிதாக்க, எம்சிவி நடுவில் நின்று ஏமாற்றும். எம்சிவி சரி என்பதற்காகப் பி12-ஐ விட்டுவிடக் கூடாது.

ஊசி போட்ட பிறகு பி12 அளவு பார்ப்பதில் அர்த்தமில்லை, எகிறித்தான் இருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஊசி. ‘நரம்பு ஊசி’ என்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு அப்புறம் டெஸ்டுக்கு வருகிறவர்கள் நிறைய.

திருப்பத்தூர் மருந்துக்கடை
மே 4, இரவு 8.15

ஒரு சேர்க்கை. முடி கொட்டுதுன்னு பயோட்டின் 10 மி.கி. மாத்திரை வாங்குறவங்க அதிகம். தைராய்டு டெஸ்டுக்கு முன்னாடி அதை நிறுத்தணும். இதை யாரும் கேக்குறதில்ல.

காரைக்குடி லேப்
மே 4, இரவு 9.00

மிக முக்கியமான சேர்க்கை. பல தைராய்டு கிட்டுகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடியும் வரும். தாளில் ஹைப்பர்தைராய்டு (தைராய்டு மிகை), ஆளிடம் ஒன்றும் இருக்காது. அதைவிட மோசம், உண்மையில் தைராய்டு குறைந்த ஆளுக்கு ‘சரியாக இருக்கிறது’ என்று வருவது. அப்போது மனச்சோர்வுக்கான ஒரு திருத்தக்கூடிய காரணம் கைநழுவுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

தைராய்டு குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். அது 10க்கு மேல் இருந்தால் பேச்சில்லை, சிகிச்சை. 4.5 முதல் 10 வரை, டி4 சரியாக இருந்தால், 65 வயது தாண்டியவர்களுக்கு அவசரப்பட வேண்டாம். 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில் 737 முதியவர்களுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பும் தைராய்டு அறிகுறிகளும், மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. ஆறு வாரம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்தால் பலருக்குத் தானாக இறங்கியிருக்கும்.

வைட்டமின் டி பற்றி இரண்டு வரி. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது குறைவாக இருப்பது உண்மை. வெளியே போகாதவர்களுக்குக் குறையத்தான் செய்யும். 50 வயதுக்கு மேற்பட்ட 18,353 பேருக்கு தினம் 2000 யூனிட் வீதம் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்த ஆய்வு 2020இல் வந்தது. மனச்சோர்வு வராமல் அது தடுக்கவில்லை. எலும்புக்காகப் பாருங்கள், மனத்துக்காக வேண்டாம்.

மதுரை மனநலம்
மே 6, இரவு 10.10

இழையைப் படித்தேன். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சிஆர்பி பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த பேக்கேஜில் உண்மையான அறிவியல் கொஞ்சம் இருப்பது அதில்தான்.

மனச்சோர்வு உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு சிஆர்பி லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 தொகுப்பில் அது 27 சதவீதம். ஐஎல்-6, டிஎன்எஃப் ஆகிய அழற்சிப் புரதங்களும் சராசரியாகக் கூடுதல். ஹெபடைடிஸ் சி-க்கு, அழற்சியைக் கிளப்பும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதற்கு முன் ஒரு குறையும் இல்லாத பலர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். அழற்சி மூளையைத் தொடும் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி இல்லை.

ஆனால் மறுபக்கம் பாருங்கள்: நாலில் மூன்று பேருக்கு சிஆர்பி 3க்குள்தான். ஆக ‘சிஆர்பி நார்மல், எனவே டிப்ரஷன் இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. கூடியிருப்பவர்களிலும் பருமன், புகை, ஈறு வியாதி, மூட்டுவலி, சர்க்கரை என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கும்.

அப்படியானால் எதற்கு? மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுமா என்றுதான் பார்க்கிறார்கள். மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்தை மூன்று முறை நரம்பில் ஏற்றிய ஆய்வு 2013இல் அச்சானது. மொத்தமாகப் பார்த்தால் போலி மருந்தைவிட எந்த மேன்மையும் இல்லை. சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களைத் தனியே பிரித்தபோது 62 சதவீதம் பேர் முன்னேறினார்கள், போலி மருந்தில் 33. சிஆர்பி குறைவாக இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததே பாதகமாகத் தெரிந்தது. மறைந்திருக்கும் காசநோயை அந்த மருந்து கிளப்பிவிடும் என்பதால் நம் நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

2014இல் இன்னொன்று: சிஆர்பி 1க்குக் கீழே இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலினும் நன்றாக வேலை செய்தன. 241 பேர்தான். சுவையான துப்பு. ஆனால் சிஆர்பி பார்த்து மாத்திரை எழுதும் அளவுக்கு இன்னும் யாரும் வரவில்லை. நானும் எழுத மாட்டேன்.

காரைக்குடி லேப்
மே 7, காலை 7.00

டாக்டர் சொன்ன 1, 3 போன்ற சின்ன மதிப்புகளை ‘எச்எஸ்-சிஆர்பி’ என்ற நுண்ணிய டெஸ்டில்தான் பிரித்தறிய முடியும். சாதாரண சிஆர்பி கிட் பலவற்றில் ‘5க்குக் கீழ்’ என்று வந்தால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. பில்லில் எது என்று பாருங்கள்.

அடுத்தது அலகு. சில லேப் லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், சில டெசிலிட்டருக்கு. 0.6 என்று ஒரு தாள், 6 என்று இன்னொரு தாள், இரண்டும் ஒன்றே. ‘போன மாசம் 6, இப்ப 0.6, மாத்திரை கேட்டுது’ என்று சந்தோஷப்படுவதற்கு முன் அலகைப் பாருங்கள்.

10க்கு மேல் வந்தால் தொற்றோ காயமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். சிஆர்பியின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம், காரணம் போனால் சீக்கிரம் இறங்கிவிடும். காய்ச்சல், பல் பிடுங்கியது, தடுப்பூசி போட்ட வாரம், இந்த நாட்களில் கொடுக்கக் கூடாது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பதானால் சிஆர்பியோடு சேர்த்துப் பாருங்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டினும் ஏறும், இரும்புக் குறை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

கானாடுகாத்தான்
மே 7, இரவு 9.30

ஒரு மார்க்கர் பத்தாதுன்னா பல மார்க்கரைச் சேர்த்துப் போட்டா? ஒன்பது மார்க்கர் சேர்த்து ஒரு ஸ்கோர் குடுக்கிற டெஸ்ட் அமெரிக்காவுல வந்துச்சு, 90 சதவீதம் கண்டுபிடிக்குதுன்னு படிச்சேனே.

காரைக்குடி லேப்
மே 8, காலை 6.45

வந்தது. 2013இல் அந்தக் கட்டுரை. அந்த ஒன்பது இவை: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின், அப்போ சி3, பிடிஎன்எஃப், கார்டிசால், ஈஜிஎஃப், மைலோபெராக்சிடேஸ், புரோலாக்டின், ரெசிஸ்டின், டிஎன்எஃப் ஏற்பி 2. நோயுள்ளவர்களில் சுமார் 91 சதவீதத்தைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 81 சதவீதத்தைச் சரியாக விட்டது.

இப்போது ஊரில் ஆயிரம் பெரியவர்களை வரிசையில் நிறுத்துங்கள். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் வாழ்நாளில் என்றாவது மனச்சோர்வு வந்தவர்கள் இருபதில் ஒருவர். தாராளமாக அதையே வைத்துக்கொண்டால் 50 பேர். 91 சதவீதம் என்றால் 46 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 19 சதவீதம், அதாவது 180 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று தாள் வரும். 226 பாசிட்டிவ் தாளில் 46தான் நிஜம். ஐந்தில் நான்கு பொய்.

மனநலப் பிரிவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நோய் உண்டு என்றால் அதே டெஸ்டின் பாசிட்டிவ் 83 சதவீதம் சரியாக இருக்கும். ஆனால் அங்கே ஒன்பது கேள்வி கேட்டாலே தெரிந்துவிடுகிறது. பணம் வீண் என்பது மட்டுமல்ல: அந்த ஆய்வில் ஒப்பிட்டது ஆரோக்கியமானவர்களோடு. டாக்டருக்கு முன்னால் இருக்கும் கேள்வியோ வேறு. இது மனச்சோர்வா, தைராய்டா, இருதுருவக் கோளாறா, மறதி நோயின் தொடக்கமா? அதைப் பிரித்துக் காட்டும் ரத்த ஸ்கோர் வந்தால் நானே முதல் ஆளாக கிட் வாங்கி வைப்பேன்.

மதுரை மனநலம்
மே 9, இரவு 11.20

இந்தக் கதை முன்பும் நடந்தது. பழையதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1981இல் பெர்னார்ட் கரோல் குழு டெக்சாமெத்தசோன் அடக்கச் சோதனையை, கடுமையான ஒரு வகை மனச்சோர்வான மெலன்கோலியாவுக்கான ஆய்வகச் சோதனையாக முன்வைத்தது. இரவு 11 மணிவாக்கில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை. மறுநாள் மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம். நலமானவர்களிடம் அந்த மாத்திரையால், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அடங்கியிருக்கும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் எந்த வேளையில் இருந்தாலும் ‘அடங்கவில்லை’. முதல் அறிக்கையில் மெலன்கோலியா உள்ளவர்களில் 67 சதவீதம் பாசிட்டிவ், மற்றவர்களில் 96 சதவீதம் நெகட்டிவ். சில வருடங்களுக்கு எல்லா இடத்திலும் இதுதான்.

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. உடல் இளைத்தவர்களிடம் பாசிட்டிவ். கட்டுக்கடங்காத சர்க்கரை, மறதி நோய், குடியை நிறுத்திய முதல் வாரங்கள், கர்ப்பம் எல்லாவற்றிலும் பாசிட்டிவ். ஃபெனிடோயின், கார்பமாசெபின், காசநோய் மாத்திரையான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் கல்லீரல் டெக்சாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், மருந்தே இல்லாத ரத்தத்தில் கார்டிசால் எப்படி அடங்கும்? எண்பதுகளின் முடிவுக்குள் நோயறிதலுக்கான இடத்தை அது இழந்தது.

கார்டிசால் பொய் என்று நினைக்க வேண்டாம். கடுமையான மனச்சோர்வில், அதுவும் இந்தத் தம்பியின் அப்பச்சியைப் போல விடிகாலை முழிப்பும் பசியின்மையும் உள்ளவர்களிடம், மூளையிலிருந்து அட்ரீனல் சுரப்பிவரை கார்டிசாலை ஆளும் தொடர் உண்மையாகவே குலைந்திருக்கும். ஆனால் பேக்கேஜில் வரும் ஒரு வேளைக் கார்டிசால் அதைக் காட்டாது. காலை 8 மணிக்கு உச்சம், இரவில் பள்ளம். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே ஏறும் பொருள் அது.

காரைக்குடி லேப்
மே 11, மதியம் 3.10

பிடிஎன்எஃப் மிச்சம் இருக்கிறது. அதோடு வெயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கத்திரி நடக்கிறது.

பிடிஎன்எஃப் நரம்பு வளர்ச்சிப் புரதம். மனச்சோர்வில் சராசரியாகக் குறைவு, மாத்திரை சாப்பிட்டுத் தேறினால் ஏறுகிறது. ஆராய்ச்சியில் பெரிய பெயர். ஆனால் ரத்தத்தில் அது இருப்பது பெரும்பாலும் தட்டணுக்களுக்குள். சீரம் எடுக்க ரத்தத்தை உறைய விடும்போது தட்டணு உடைந்து வெளியே கொட்டுகிறது. அதனால் சீரம் மதிப்பு, உறைய விடாமல் எடுக்கும் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு கூடுதல், இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பத்து நிமிடம் உறைய விட்ட குழாய்க்கும் ஒரு மணி நேரம் விட்ட குழாய்க்கும், ஒரே ஆளின் ஒரே ரத்தத்தில், வேறு வேறு எண் வரும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு ‘நார்மல் எல்லை’ என்று தாளில் அச்சடித்துத் தருவது எனக்கு உடன்பாடில்லை.

இனி சாதாரண டெஸ்டுகளுக்கும் பொருந்துவது. இங்கே எடுத்த ரத்தம் பெரிய ஊர் லேபுக்குப் பஸ்ஸிலோ கூரியரிலோ போகிறது. மஞ்சள் மூடி ஜெல் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைய விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் அனுப்பினால் செல்கள் சர்க்கரையைத் தின்னும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். ஹோமோசிஸ்டீன் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். பொட்டாசியம் கசியும். இதில் பலரும் செய்வது: வெயிலுக்குப் பயந்து பிரிக்காத குழாயை ஐஸ் பெட்டியில் வைப்பது. குளிரில் செல்லின் சோடியம் பொட்டாசியம் பம்ப் நின்றுபோகும், பொட்டாசியம் இன்னும் வேகமாக வெளியே வரும். பிரித்த பிறகுதான் ஐஸ்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கூடிப்போய் மஞ்சள் மூடிக் குழாயில் ஊற்றினாலோ, ஊதாவை முதலில் எடுத்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க ஊதாவில் உள்ள பொட்டாசியம் ஈடிடிஏ கலந்து பொட்டாசியம் எகிறும், கால்சியம் படுத்துவிடும். அந்த ஜோடி ஒரே தாளில் வந்தால் ஆளைப் பதறவைக்காமல் புது சாம்பிள் கேளுங்கள்.

கண்டனூர் ராஜா
மே 11, இரவு 7.50

சிக்ரி, அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்லயே இருக்கு. மின்வேதியியல் உணரி வச்சு சுகர் மிஷின் மாதிரி கார்டிசால், சிஆர்பி பாக்கிற காலம் வந்தா இந்த பஸ், ஐஸ் தொல்லையெல்லாம் போயிரும்ல?

காரைக்குடி லேப்
மே 11, இரவு 8.20

சாம்பிள் தொல்லை குறையும், நல்லதுதான். எண் கையில் சீக்கிரம் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

தேவகோட்டைப் பையன்
மே 16, மாலை 6.30

அண்ணே, நீங்க சொன்ன லிஸ்ட் மட்டும் எடுத்தோம். ஹீமோகுளோபின் 11.4, எம்சிவி 102, பி12 164, டிஎஸ்எச் 3.4, கால்சியம் 9.3, கிரியாட்டினின் 1.0, வெறும்வயிறு சுகர் 210, சோடியம் 131, பொட்டாசியம் 5.9. அவங்களாவே சிஆர்பியும் போட்டுட்டாங்க, 1.1, டெசிலிட்டர்ல. பல் வலி இருக்கு. பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது.

காரைக்குடி லேப்
மே 16, மாலை 6.50

முதலில் பொட்டாசியம். 5.9. குழாய் பிரிக்காமல் போயிருக்கலாம், கால்சியம் சரியாக இருப்பதால் ஊதாக் குழாய்க் கலப்பு தெரியவில்லை. ஆனால் டெல்மிசார்டன் உண்மையாகவே பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. சாம்பிள் கோளாறு என்று நாமே முடிவு கட்டக் கூடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஈசிஜி, அங்கேயே எடுத்து அங்கேயே பார்க்கும் பொட்டாசியம். கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கச் சொல்ல வேண்டாம், அதிலும் ஏறும். உடனே கிளம்புங்கள், மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

தேவகோட்டைப் பையன்
மே 16, இரவு 9.45

ஈசிஜி சரி. பொட்டாசியம் 4.3. சோடியம் திரும்பவும் 131. மூச்சு வந்துச்சு.

காரைக்குடி லேப்
மே 16, இரவு 10.30

நல்லது. இப்போது மற்றவை.

சோடியம் 131. சர்க்கரை 100க்கு மேல் ஒவ்வொரு 100க்கும் சோடியம் சுமார் 1.6 குறைந்து காட்டும். 210க்குத் திருத்தினால் 133 வரும். அப்போதும் 135க்குக் கீழ். பிரஷர் மாத்திரையில் சேர்ந்திருக்கும் தயசைடு இதற்குப் பேர்போனது. சோர்வு, மந்தம், தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் இதுவும் ஒரு பங்குதாரர். பிரஷர் மாத்திரையை மாற்றுவதை டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பி12 164, எம்சிவி 102. சந்தேகமில்லாத குறைவு. பாதம் மரத்துப்போகிறதா, இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா என்று கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். எச்பிஏ1சியையும் இப்போது அப்படியே நம்ப வேண்டாம், பி12 குறைவில் அது பொய்யாகக் கூடிக் காட்டும்.

சிஆர்பி லிட்டருக்கு 11 மி.கி. ஆகிறது. பல்லைப் பாருங்கள். மனச்சோர்வைப் பற்றி அந்த எண் இன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

மதுரை மனநலம்
மே 17, காலை 8.40

தம்பி, ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். பி12 குறைவு கிடைத்துவிட்டது, ஊசி போட்டால் போதும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பி12 குறைவும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். ஊசி இந்த வாரமே தொடங்கட்டும், ஆனால் மனநல டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். “ரத்தத்தில் இருந்தால் பார்ப்போம்” என்றாரே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். “ரத்தத்துல குறை இருக்கு அப்பச்சி, அதுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்” என்றால் பொய்யும் இல்லை, கோபமும் வராது.

மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளான பிஎச்க்யூ-9 தமிழில் இருக்கிறது. ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே தாளை நிரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய நிலையில் முன்னேற்றத்தை அளக்க அந்தத் தாளை மிஞ்சிய ரத்த மார்க்கர் கிடையாது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைத் தாண்டிப் போகாமல் நேராகக் கேளுங்கள். “இருந்து என்ன, போயிறலாம்னு தோணுதா அப்பச்சி?” கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டர். இரவானாலும் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் வயலுக்கு வைத்த மருந்து, மிச்ச மாத்திரைகள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் சோடியம் 131-ஐ டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராம் வகைகள் சோடியத்தை இறக்கும். வயதானவர், தயசைடு சேர்ந்தவர் என்றால் ஆபத்து அதிகம். மிர்ட்டசபின் என்ற மாத்திரையில் அது குறைவு, தூக்கமும் பசியும் கூடவே தேறும், சர்க்கரையும் எடையும் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். எதை ஆரம்பித்தாலும் முதல் ஒரு மாதம் சோடியத்துக்குக் கெட்ட காலம். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் பாருங்கள். தலைவலி, குழப்பம், திடீரென விழுவது என்றால் தேதி பார்க்காமல் அன்றே.

பள்ளத்தூர் ஆச்சி
மே 17, மாலை 5.15

நல்ல யோசனை சொன்னீக டாக்டர். தம்பி, எங்க கொழுந்தனாருக்கு லித்தியம் குடுக்கிறாக. ரத்தத்துல அது பாக்கணும்ங்கிறாகளே, அதுவும் இந்த மாதிரி நம்ப முடியாததா?

காரைக்குடி லேப்
மே 17, இரவு 9.10

இல்லை ஆச்சி, அது நேர் எதிர். மனநல சிகிச்சையில் உயிர் காக்கும் ரத்த டெஸ்ட் என்றால் லித்தியம் அளவுதான். நோயைக் கண்டுபிடிக்க இல்லை, மருந்து நஞ்சாகாமல் காக்க.

கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு ரத்தம், கொடுத்த பிறகு காலை மாத்திரை. பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வைத்திருப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. 1.5க்கு மேல் போனால் கை நடுக்கம், வாந்தி, நடைத் தடுமாற்றம் ஆரம்பிக்கும். ரத்தம் எடுப்பவர் பச்சை மூடிக் குழாயைத் தொட்டால் தடுத்துவிடுங்கள். அதில் பல குழாய்களில் இருப்பது லித்தியம் ஹெப்பாரின். மாத்திரையே சாப்பிடாத ஆளுக்கும் லித்தியம் நச்சு என்று தாள் வரும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி.

இந்த வெயிலில் வேர்த்து உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், தயசைடு, டெல்மிசார்டன், எல்லாம் அளவை ஏற்றும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச், கிரியாட்டினின், கால்சியம் மூன்றும் கூடவே. பயோட்டின் மாத்திரை இருந்தால் இரண்டு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லுங்கள்.

தேவகோட்டைப் பையன்
ஜூன் 4, இரவு 8.00

மதுரையில பாத்தோம். பிஎச்க்யூ 17. மிர்ட்டசபின் ராத்திரிக்கு 7.5ல ஆரம்பிச்சிருக்காக. தயசைடு இல்லாத பிரஷர் மாத்திரையா மாத்தியாச்சு. பி12 ஊசி நாலு முடிஞ்சது. சோடியம் நேத்து 136. மூணு மணி முழிப்பு இப்ப அஞ்சாச்சு. அடுத்த ரத்தம் எப்ப, எதுக்கு?

காரைக்குடி லேப்
ஜூன் 4, இரவு 8.40

இன்னும் இரண்டு வாரத்தில் சோடியம், பொட்டாசியம் மட்டும். காலையில், லேப் இருக்கும் இடத்திலேயே கொடுங்கள், கலெக்‌ஷன் சென்டர் வேண்டாம். முழு ரத்த எண்ணிக்கை எட்டு வாரத்தில்: ஹீமோகுளோபின் ஏறி எம்சிவி இறங்க வேண்டும். ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் ஃபெரிட்டினும் சிஆர்பியும் சேர்த்துப் பார்ப்போம். எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து. பி12 அளவு இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பிஎச்க்யூ தாளை ஜூலை முதல் வாரம் நிரப்பி, 17க்குப் பக்கத்தில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோங்கள்.